செலின் கேட்ட டாபி கிரீம்

எண்பத்தெட்டாம் வருஷம் ஈஸ்டர் கழிந்து இரண்டாவது வாரம் கள்ளிக்குப்பத்தில் ஜெயசீலியின் வீட்டுக்கு ஒரு கார்டு வந்தது. அவளுக்குக் கடிதம் எழுத உலகத்தில் ஆளே கிடையாது. நாலாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். 'அன்புள்ள அத்தைக்கு செலின் எழுதிக்கொள்வது' என்ற முதல் வரியைப் படித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை தனக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்கப் போகிறேன் என்று பிள்ளை எழுதியிருந்தது. அன்றைக்கு ஞானத்தாய் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சிஸ்டர் சொன்னாராம். அம்மாவும் வரச் சொன்னாளாம். கேக்கை அத்தைதான் செய்ய வேண்டும். மேலே டாபி வாசனை அடிக்கிற கிரீம் பூச வேண்டும். கூடப் படிக்கிற பிள்ளையின் பிறந்தநாளில் அப்படி ஒரு கேக் தின்றதாம்.

'அம்மாவும் வரச் சொன்னாள்' என்ற வரியை ஜெயசீலி நாலு தடவை படித்தாள். வேலை முடிந்து வந்த புருஷன் ஜெயபாலையும் படிக்கச் சொன்னாள். அதே வரிதான் இருந்தது.

செலின் அவள் அண்ணன் பாஸ்கலின் மகள். ஞானஸ்நானத் தொட்டியருகே பிள்ளையைக் கையில் ஏந்தி நின்றது ஜெயசீலிதான். அவளுக்குப் பிள்ளை இல்லை. அப்போது இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் முன்பாதி, பின்பாதியாக இருந்தார்கள், அடுப்பு ஒன்றுதான். டிசம்பர் பிறந்தால் அவளும் அண்ணி அன்னம்மாளும் கிறிஸ்மஸ் கேக்குக்காகச் சேர்ந்து நின்று சர்க்கரை கருக்குவார்கள். புகை கிளம்பி, சர்க்கரை கரிபோலக் கறுத்த பிறகுதான் சுடுதண்ணீர் ஊற்றுவார்கள். அப்போதுதான் கேக்குக்கு நிறம் ஏறும். இருவரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமி இருமிச் சிரிப்பார்கள்.

பிள்ளை பெரும்பாலும் அத்தையிடம்தான் தூங்கும். ஒரு நாள் காய்ச்சல் வேகத்தில் அது "அத்தே, அத்தே" என்று அனத்தியது. பெற்றவள் பக்கத்திலேயே இருக்க, கையை அத்தை பக்கம் நீட்டியது. அன்றைக்கு அன்னம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "பெத்தது நானா, நீயா?"

அடுத்த மாதமே வேலப்பன்சாவடிக்குக் குடிபோய்விட்டார்கள். மூன்று வருஷம் ஆயிற்று. கோயில் திருவிழாவில் எதிரே வந்தாலும் அன்னம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். பாஸ்கல் மட்டும் தங்கையைப் பார்த்துத் தலையை ஆட்டுவான், அதுவும் மனைவி பார்க்காத நேரமாக.

இந்தக் கேக் நல்லபடியாக அமைந்தால் அந்த வீட்டுக்குப் போக வர வழி பிறக்கும். அமையாமல் போனால் இனிமேல் கார்டுகூட வராது. ஜெயசீலி மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு அம்பத்தூர் பேக்கரிக்குப் போனாள்.

அங்கே மாஸ்டர் கஜபதி மாவுக் கையோடு வெளியே வந்து செய்முறை சொன்னார். வெண்ணெயை வெள்ளை வெளேரென்று நுரைக்க அடிக்க வேண்டும். பொடித்த சர்க்கரையைச் சலித்துச் சேர்க்க வேண்டும். தனியாகச் சர்க்கரையைக் கருக்கி, அதில் பாலாடை ஊற்றிக் கலந்து, நன்றாக ஆறிய பிறகு வெண்ணெயில் ஊற்றி மறுபடியும் அடிக்க வேண்டும்.

"ஆனா கருக்கும்போது பாத்து..." என்று அவர் ஆரம்பித்தார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும் அண்ணாத்தே. பதினெட்டு வருசமா கருக்குறேன்" என்றாள் ஜெயசீலி.

யார் பேச்சையும் குறுக்கே வெட்டாதவள் அன்றைக்கு வெட்டினாள். கஜபதி சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை மாவைக் கலந்து கொண்டுபோய், பேக்கரி அடுப்பில் கேக்கைச் சுட்டு வாங்கி வந்து ஈரத்துணி போட்டு மூடி வைத்தாள். மே மாத வெயிலில் வெண்ணெய் நிற்காது என்பதால் கிரீம் வேலையை ஞாயிறு விடியலுக்குத் தள்ளி வைத்தாள். நாலு மணிக்கு எழுந்து, குளித்து, ஜெபம் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். தயிர்க்காரப் பொன்னியம்மா கொடுத்த வெண்ணெய் வாளித் தண்ணீரில் மிதந்தது. இரும்புச் சட்டியில் சர்க்கரை முதலில் தேன்போல உருகியது. பிறகு செம்மண் நிறத்துக்கு வந்தது. வாசனை அப்போதே தூக்கியது. ஆனால் அவள் கை நிற்கவில்லை. பதினெட்டு வருஷப் பழக்கம், புகையைப் பார்க்காமல் கை நிற்குமா? புகை வந்தது, சட்டி கறுத்தது, பாலாடையை ஊற்றினாள். அது சீறிக்கொண்டு முழங்கை உயரத்துக்குப் பொங்கியதில் கரண்டியைப் போட்டுவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டாள்.

ஆறிய பாகு தார்போல இருந்தது. வாசனை தூக்கலாக இருக்கட்டும் என்று முழுவதையும் வெண்ணெயில் ஊற்றி அடித்தாள். பாகிலேயே சர்க்கரை இருக்கிறதே என்று பொடித்த சர்க்கரையில் பாதியைக் குறைத்தாள். கிரீம் நல்ல காப்பிக்கொட்டை நிறத்தில் பளபளவென்று வந்தது.

ஜெயபால் ஒரு விரலை நீட்டினான். அவள் கையைத் தட்டிவிட்டாள். நன்மை வாங்கப் போகிறவர்கள் ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும் என்று கோயிலில் சொல்லி எத்தனையோ வருஷம் ஆயிற்று. ஆனாலும் அம்மா சொல்லிக் கொடுத்தபடி நடுராத்திரி முதல் பச்சைத் தண்ணீர்கூட அவள் வாயில் படக் கூடாது. புருஷன் வாயிலும் படக் கூடாது.

ஆட்டோ ஓட்டும் கோவிந்தன் வந்தான். அண்டாவில் ஐஸ்கட்டிகளைப் போட்டு, மேலே பலகை வைத்து, அதன்மேல் எவர்சில்வர் தட்டோடு கேக்கை இறக்கினார்கள். "எக்கா, நான் கோயிலுக்கு வர்ல. நான் வேணா ஒரு விரல் பாத்து சொல்லட்டா?" என்று கேட்டான். பிள்ளை வெட்டுவதற்கு முன்னால் யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

பூசையில் செலின் வெள்ளை கவுனும் தலையில் பூக்கிரீடமுமாக வரிசையில் முதல் ஆளாக வந்தது. நன்மை வாங்கித் திரும்புகையில் அத்தையைப் பார்த்துச் சிரித்தது. ஜெயசீலிக்குக் கண்ணீர் நிற்கவில்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அன்னம்மாள் மட்டும் நேராகப் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாஸ்கல் வீட்டில் முப்பது பேர் கூடியிருந்தார்கள். அன்னம்மாள் "வா" என்று ஒரு வார்த்தை சொன்னாள். கேக்கை வைக்க மேசையைக் காட்டினாள். செலின் ஜெபம் சொல்லிக் கேக்கை வெட்டியது. பாஸ்கல் முதல் துண்டை எடுத்துப் பிள்ளைக்கு ஊட்டினான்.

பிள்ளை மென்றது. மெல்லுகிற வாய் பாதியில் நின்றது. கண்ணில் நீர் கட்டியது. துப்பிவிடும் என்று ஜெயசீலி நினைத்தாள். செலின் துப்பவில்லை. கையை ஜெபத்தில் வைத்திருப்பதுபோல நெஞ்சில் வைத்துக்கொண்டு முழுத் துண்டையும் விழுங்கியது.

"நல்லாருக்கு அத்தே" என்றது.

ஜெயசீலி ஓரத்தில் ஒட்டிய கிரீமை விரலால் எடுத்து வாயில் வைத்தாள். நாக்கு சுருண்டது. கரி. எரிந்த கரியும் வெண்ணெயும். கிறிஸ்மஸ் கேக்கில் பழமும் முந்திரியும் இந்தக் கசப்பை மூடிவிடும். இங்கே மூட ஒன்றும் இல்லை. கஜபதி 'பாத்து' என்று இழுத்தது காதில் விழுந்தது.

அதற்குள் தட்டுகள் கை மாறிவிட்டன. ஒவ்வொருவராக மெல்லுவதை நிறுத்தினார்கள். அன்னம்மாளின் பூந்தமல்லிச் சித்தி தட்டை ஓசையோடு மேசையில் வைத்தாள்.

"இன்னாம்மா இது, கசாயத்த காச்சி பூசிகினு வந்துட்டியா? புள்ள பெத்து வளத்திருந்தா, புள்ள வாய்க்கு எது ஒப்பும்னு தெரிஞ்சிருக்கும்."

பாஸ்கல் தலையைக் குனிந்துகொண்டான். ஜெயபால் புறப்படலாம் என்பதுபோல மனைவியின் தோளைத் தொட்டான். ஜெயசீலி அண்ணியின் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தாள்.

அன்னம்மாள் மேசைக்கு வந்தாள். கிரீமில் ஒரு விரல் எடுத்து வாயில் வைத்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. விரலைச் சப்பி முடித்துவிட்டுச் சித்தியைப் பார்த்தாள்.

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க சித்தி. நான்தான் சக்கரைய நல்லா கருக்க சொல்லி அனுப்சேன். தப்பு எம்மேல."

மூன்று வருஷமாக ஜெயசீலியிடம் பேசாதவள், கேக்கைப் பற்றி ஒரு சேதியும் சொல்லி அனுப்பாதவள், முப்பது பேர் நடுவில் அவளுக்காகப் பொய் சொல்கிறாள். அதுவும் பூசை பார்த்து, நன்மை வாங்கி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. ஜெயசீலி வாய் திறந்தபடி நின்றாள். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அதற்குள் அன்னம்மாள் கேக்கைத் தட்டோடு தூக்கிக்கொண்டாள். "இத்த வழிச்சிட்டா கேக்கு நல்லாத்தான் கீது. நீ வா" என்று ஜெயசீலியை அடுக்களைக்குள் அழைத்தாள்.

உள்ளே கத்தியால் கிரீமை வழித்துப் போட்டபடியே, "கிறிஸ்மஸ் கேக்குன்னு நெனச்சிட்டியா?" என்று கேட்டாள்.

"கை நிக்கல அண்ணி."

"எனக்கும்தான் நிக்காது. வாசன புட்ச்சப்பவே தெரிஞ்சிபோச்சி." கொஞ்ச நேரம் வழித்தாள். கை மெதுவானது. "சித்தி அப்பிடி கேட்டதும் எனக்கு தூக்கிவாரி போட்டுச்சி. நான் அன்னிக்கி கேட்டது இந்த மாதிரிதான் இருந்துதா?"

ஜெயசீலி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்ல நாளும் அதுவுமா பொய் சொல்ல வெச்சிட்ட. சனிக்கிழம சாமியார்கிட்ட பாவத்த சொல்ல பாவசங்கீர்த்தனத்துக்குப் போவணும். நீயும் வா."

"நான் ஒண்ணும் பொய் சொல்லலியே அண்ணி."

"தொணைக்கு வாடி."

வழித்த கேக்கை அன்னம்மாளே துண்டு போட்டுக் கொண்டுபோனாள். சித்தி இரண்டு துண்டு தின்றாள்.

சாயங்காலம் திரும்பி வருகையில், அண்டாவில் உருகிக் கிடந்த தண்ணீர் ஆட்டோவின் குலுக்கலில் ஜெயசீலியின் பாதத்தில் தெறித்தது. நடந்ததைக் கேட்ட கோவிந்தன், நான் அப்பவே ஒரு விரல் பார்க்கிறேன் என்று சொன்னேனே என்று வழியெல்லாம் புலம்பினான். ஜெயபால் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தான்.

"தட்டு எங்க?"

"அவுங்க ஊட்ல கீது" என்றாள் ஜெயசீலி. இன்னும் திகைப்பு தெளியாத குரல். "சனிக்கிழம வந்து எடுத்துக்கன்னு அண்ணி வெச்சிகிச்சி."