நான் நட்ட கோப்பி

ஆங்கிலேயரை நான் கண்டியிலிருந்து துரத்தியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சோறு தின்ற பிறகு. அம்பிட்டியவில் மழை பிடித்துக்கொண்டிருந்தது. மகள் மறைக்கல்வி வகுப்புக்குப் போயிருந்தாள். மேசையின் மறுமுனையில் என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். சில நாளாக அவள் என்னோடு அளந்துதான் பேசினாள்.

காரணம் இருந்தது. கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்றில் அவளுக்கு வேலை. அந்த அனுபவத்தை வைத்து இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் ஏஜென்சி இடம் பிடித்துக் கொடுத்திருந்தது. ஆனால் அந்த நாட்டுச் சட்டம் மாறிவிட்டது. வேலைக்கு ஆள் வரலாம், புருஷனும் பிள்ளையும் கூட வரக்கூடாது. போனால் சில வருஷம் தனியாகத்தான். என் பதிலைக் கேட்டுவிட்டு ஏஜென்சிக்குச் சொல்லக் காத்திருந்தாள். நான் வாயில் கொழுக்கட்டை வைத்தவன் போல இருந்தேன். கேட்டால் லேப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நாட்டை ஆளப் போய்விடுவேன்.

அந்தக் கணினி ஆட்டத்தை எனக்குப் பழக்கியவன் என் கூட்டாளி. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் கணினி திருத்தும் கடை ஒன்றை இருவரும் சேர்ந்து நடத்துகிறோம். ஆட்டம் என்றதும் சுட்டுத் தள்ளுவது என்று நினைக்க வேண்டாம். திரையில் உலகப்படம் விரியும். ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு நூற்றாண்டுக் கணக்கில் ஆள வேண்டும். வரி, படை, ரோட்டு, துறைமுகம், குடியேற்றம் எல்லாம் நம் தலையில். அவன் துருக்கியை எடுப்பான். நான் எப்போதும் கண்டி ராச்சியம்தான். என் மனைவி இதற்கு வைத்த பெயர் குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுவது.

போர்த்துக்கேயரை மலையில் ஏறவிடாமல் தடுத்தேன். ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடுங்கினேன். கடைசியில் ஆங்கிலேயன் கப்பலேறிப் போனதும் எனக்குள் இருந்த கொழுப்பைச் சொல்லி முடியாது. ஆனைக்கு ஒரு காலம் என்றால் பூனைக்கும் ஒரு காலம். உடனே கூட்டாளிக்குப் போன் போட்டேன். அவன் வாழ்த்துச் சொல்கிறவனா?

“வெள்ளைக்காரன் வராட்டியும் நாங்க இங்கதான் ஈக்கிறோம் மச்சான். ஒங்கட ஆக்கள எங்க வைக்கப் போற?”

அவன் சொன்னது சரிதான். போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து விரட்டிய அவனுடைய முஸ்லிம் முன்னோரைக் கண்டி ராஜா மலைக்குள் அழைத்துக் குடியிருத்தினார் என்பது அவன் வீட்டில் குழந்தைக்கும் தெரிந்த கதை. என் ஆட்கள் கோப்பித் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி, மலைவரை நடந்து வந்தவர்கள். பிறகு தேயிலை வந்தது, தெல்தோட்டையில் கூலிகளுக்கு வரிசை அறைகளாக லயம் வந்தது, அந்த லயத்துக் காம்பரா ஒன்றில் நான் பிறந்தேன். வெள்ளைக்காரன் இல்லையென்றால் கோப்பி இல்லை, லயம் இல்லை, நானும் இல்லை. இது எனக்குத் தெரியாத சங்கதி அல்ல. இருந்தாலும் பச்சை மலை வெறுமையாகக் கிடப்பதைப் படத்தில் பார்த்தபோது, வீட்டைக் கட்டி முடித்துவிட்டு வாசல் வைக்க மறந்தவன் போல முழித்தேன்.

அந்த வெறுமை நெடுங்காலம் நீடிக்கவில்லை. போரில் கஜானா வற்றியிருந்தது. துப்பாக்கி வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. உலகச் சந்தையில் அப்போது நல்ல விலை போனது கோப்பி. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானே தெல்தோட்டை மலையில் காட்டை வெட்டிக் கோப்பி நட்டேன். ஊர்ச் சனம் வயலை விட்டு அதைப் பறிக்க வரவில்லை. பழம் பழுத்து வீணாகப் போயிற்று. எல்லையைத் திறந்தால் கூலிக்கு ஆள் வரும் என்று ஆட்டம் யோசனை சொன்னது. திறந்தேன்.

ஆட்டத்தில் சில வருஷம் ஓடியது. ஒவ்வொரு பிரதேசத்திலும் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்ட ஒரு வட்டம் உண்டு. தெல்தோட்டையின் வட்டத்தில் ஓர் ஓரமாக மெல்லிய கீற்று ஒன்று புதிதாக முளைத்திருந்தது. அதன்மேல் அம்பை வைத்துப் பார்த்தேன். தமிழர். சிறுபிள்ளை போலக் கதிரையை விட்டு எழும்பி மனைவியைக் கூப்பிட்டேன்.

“இங்க வா. வந்துட்டாங்க.”

“யாரு?”

“நம்ம ஆளுங்க.”

மடித்த துவாயைத் தோளில் போட்டுக்கொண்டே வந்து குனிந்து பார்த்தாள். அவளும் தெல்தோட்டைப் பக்கத்துப் பிள்ளைதான். அவர்களுக்கு என்ன வேலை என்று கேட்டாள். கோப்பி என்றேன். எங்கே தங்குகிறார்கள் என்று கேட்டாள். ஆட்டத்தில் அதெல்லாம் காட்டமாட்டார்கள் என்றேன். கீற்றுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு முகம் இருந்தது. அதன்மேல் விரலை வைத்து இது என்ன என்றாள். வாழ்க்கைத் தரம், இருப்பதிலேயே அடிமட்டம் என்று விளக்கினேன்.

“கூட்ட ஏலாதா?”

“ஏலும். இத இப்பிடித் தள்ளுனா கூலி கூடும். ஆனா இப்ப கூட்டுனா கஜானா கவுந்துரும். கடன் இருக்கு. கொஞ்சம் பொறுக்கட்டும், பெறகு பாப்போம்.”

அவள் சிரித்துவிட்டாள். அத்தனை நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

“அச்சா தோட்டத்துத் தொரை மாதிரியே பேசுறீங்க.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் கோபம் எப்போதும் முதலில் வாய்க்குத்தான் வரும். அந்தக் காலத்து வெள்ளைக்காரனாவது குடும்பத்தோடு கூட்டி வந்தான், இவனுக்கு ஆள் மட்டும் போதுமாம், அவனுக்குச் சேவகம் பண்ணத்தான் நீ பறக்கிறாய் என்று கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. துவாயைக் குவியலின் மேல் வைத்தாள்.

“ஒங்க ஆட்டத்துல வந்த சனம் ராஜாகிட்ட கேட்டுட்டா வந்துச்சு? பொழப்பு இருக்குன்னு வந்துச்சு. ஒங்களுக்குப் பயம்னா பயம்னு சொல்லுங்க. வெள்ளைக்காரன் மேல போடாதீங்க.”

பயம்தான். அவள் இல்லாத வீட்டுக்கு வேலை முடிந்து வருவதை நினைத்தால் பயம். தெரியாத குளிரில் அவள் ஒற்றையாய் நடப்பதை நினைத்தால் பயம். எல்லாவற்றுக்கும் மேல், நான் இல்லாமல் இருக்க அவள் பழகிவிடுவாளோ என்ற பயம். இதில் ஒன்றையும் அன்றைக்கு நான் சொல்லவில்லை. மறுநாள் காலை பஸ்ஸுக்கு நடக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குடையை என் பக்கம் சாய்த்துக்கொண்டு கேட்டாள். போ என்று சொல்ல நாக்கு எழவில்லை. போயிட்டு வா என்றேன்.

அவள் போன பிறகு மகளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டேன். என் பின்னலை மகள் வாசலில் நின்று அவிழ்த்துவிட்டுத் தானே பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். ஆட்டத்தைப் பல வாரம் தொடவில்லை. பிறகு ஒருநாள் கடையில் ஆள் இல்லாத நேரம் அதைத் திறந்து, தெல்தோட்டைக்குப் போய், கூலியை அந்தக் கடைசி வரை தள்ளிவிட்டேன். தர்மம் பார்த்துச் செய்தேன் என்று பெருமை பேசமாட்டேன். ஆத்திரம்தான். எட்டிப் பார்த்த கூட்டாளி தலையில் கை வைத்தான். நாடு முழுகிவிடும், வெள்ளைக்காரன் திரும்பி வருவான் என்று சாபமே கொடுத்தான்.

கஜானா சிவப்பில் இறங்கியது. பிரபுக்கள் முறுக்கிக்கொண்டார்கள். புதுத் துறைமுகம் கட்டும் திட்டத்தைக் கைவிட்டேன். ஆனாலும் நாடு நொண்டிக்கொண்டே நடந்தது. வெள்ளைக்காரன் வரவில்லை. தெல்தோட்டையின் சிவப்பு முகம் ஒருநாள் மஞ்சளானது.

அந்த வாரம் வேலைக்கு இடையில் கிடைத்த ஓய்வில் அவள் அங்கிருந்து போன் எடுத்தாள். மகளோடு பேசி முடித்து என்னோடு பேச வந்தாள். கம்பனி கொடுத்த வீடு எப்படி என்று கேட்டேன். வரிசையாகக் காம்பரா, கோடியில் எல்லோரும் சமைக்க ஒரே குசினி, வாடகையைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள் என்றாள்.

“லயந்தாங்க. செவத்துக்கு மட்டும் நல்ல பெயிண்ட்.”

அவள் சிரித்தாள். என்னால் முடியவில்லை. பேச்சை மாற்றத்தானோ என்னவோ, அந்தக் கோப்பிக்காரர்கள் இன்னும் இருக்கிறார்களா என்று கேட்டாள்.

“இருக்காங்க. கூலியக் கூட்டிட்டேன்.”

“கஜானா?”

“கொஞ்ச வருசம் ஆடுச்சு. கவுழல.”

அவளுக்குப் பின்னால் யாரோ வயதானவர் ஆங்கிலத்தில் கூப்பிடுவது கேட்டது.

“அப்ப இங்க உள்ளவனும் கூட்டலாந்தானே,” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.