சீனத் தாளில் போட்ட பிள்ளையார் சுழி

‘முடிவு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது’ என்று கைப்பேசியில் பார்த்ததும் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவுக்கு ஓடினேன். இந்த வருடம் வைகாசிக் கடைசியில் நடந்தது இது. அதற்குக் காரணம் பிள்ளையார்தான் என்று தெரிந்தபோது வந்த கோபத்தை, அவரையே நம்பி இதைப் படிக்கும் உங்களிடம் மறைக்க எனக்கு விருப்பமில்லை.

நான் ஆனையூர்ப் பெண். விவசாயக் குடும்பம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நானே. பல்கலைக்கழகத்தில் சீன மொழியும் இலக்கியமும் பண்பாடும் படித்தேன். அத்தை மகன் முருகேசன், “ஏ சீனாக்காரி, ஊருல பாஷைக்கா பஞ்சம்?” என்று சிரிப்பான். அதே முருகேசன் ஒரு நாள் மருந்தடிக்கும் மெஷின் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து, “இம்புட்டு எழுதியிருக்கானே, என்னன்னு கொஞ்சம் சொல்லு” என்று நின்றான். படித்துச் சொன்னேன். அன்று நான் நடந்த நடையே வேறு.

சும்மா வந்த படிப்பில்லை அது. சீன எழுத்தில் எந்தக் கோடு முதலில், எது பின்னால் என்று முறை உண்டு. “மனசு மறந்தாலும் கை மறக்கக் கூடாது” என்று எங்கள் பேராசிரியை ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுத வைப்பார். நிலாவையும் பிரிவையும் பாடிய பழைய கவிதைகளை, கோரிப்பாளையம் சிக்னலில் பஸ் நிற்கும் நேரத்தில் முணுமுணுத்தே மனப்பாடம் செய்தேன். மேற்படிப்புக்குச் சீனாவிலேயே உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. கடைசி செமஸ்டர் முடிவை அனுப்பினால் போதும். அந்த முடிவுதான் நின்றுபோனது.

தேர்வுப் பிரிவில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், “இலக்கியத் தாள்ல அடையாளக் குறி போட்டிருக்கியாம்மா” என்று கணினியைத் திருப்பிக் காட்டினார். தாளின் தலையில் ஒரு ‘உ’.

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. “அண்ணே, இது பிள்ளையார் சுழிண்ணே!”

“எனக்குத் தெரியுதும்மா. திருத்துனவரு வடக்க உள்ளவரு. ‘சீன எழுத்துல இப்படி ஒண்ணு கிடையாதே, யாருக்கோ சிக்னல் குடுக்குது இந்தப் பொண்ணு’ன்னு எழுதிப்புட்டாரு. வேற பாடமா இருந்தா நம்மாளு திருத்தியிருப்பாக, கண்டுக்கிட்டிருக்க மாட்டாக.”

விடைத்தாளில் எந்தக் குறியும் கூடாது என்ற விதி எனக்குத் தெரியும். ஆனால் சுழியை ஒரு குறி என்று நான் நினைத்ததே இல்லை. பேனா மூடியைத் திறப்பதுபோல அது.

“தப்புதான்னு எழுதிக் குடுத்துரு. அடுத்த வருசம் அந்தத் தாளை மட்டும் எழுதிக்கலாம்” என்றார் அவர். அடுத்த வருடம் என்றால் சீனாவில் கிடைத்த இடம் போய்விடும். அதை விடவும், காப்பி அடித்தவள் எழுத வேண்டிய கடிதத்தை நான் ஏன் எழுத வேண்டும்? மாட்டேன் என்றேன். அதற்குப் பிறகு அலைச்சல்தான். சார் லீவு. கமிட்டி கூட வேண்டும். அடுத்த வாரம் வாம்மா. சீனாவிலிருந்தோ, முடிவு எங்கே என்று மின்னஞ்சலுக்கு மேல் மின்னஞ்சல்.

அப்பாவுக்குத் தெரிந்த ஒரே எழுத்து அந்தச் சுழி. விதை மூட்டையில், டிராக்டரில், எல்லாவற்றிலும் மஞ்சளால் அதைப் போடுவார். என் சிலேட்டிலும் முதலில் போட்டது அவர்தான். விஷயத்தைக் கேட்டதும், “அதப் போட்டதுக்கா தாயி நிப்பாட்டிட்டாக?” என்றார். தட்டில் இருந்த சோறு அப்படியே இருந்தது.

சங்கடஹர சதுர்த்தி அன்று, பஸ் நிறுத்தத்து அரசமரப் பிள்ளையாரிடம் போனேன். கும்பிடவில்லை. சண்டை போட்டேன். “முதல் மரியாதை உனக்குத்தானே குடுத்தேன்? எனக்கு மன்னிப்பு வேணாம். இவ ஏமாத்தலன்னு நீயே வந்து சாட்சி சொல்லு. அதுவரைக்கும் இந்தக் கை உன் சுழியைப் போடாது.” கொண்டுபோன தேங்காயை உடைக்காமலே திரும்பினேன்.

ஆடியில் கமிட்டி கூடியது. இரண்டு ஆண்கள், தலைவராக ஒரு அம்மா. “பழக்கம்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. எதை வச்சு நம்புறது?” என்றார் அந்த அம்மா. அப்பா என் சிலேட்டில் போட்டுக் கொடுத்ததைச் சொன்னேன். “சரி, நடந்ததை எழுதிக் குடுத்துட்டுப் போங்க” என்று வெள்ளைத்தாளை நீட்டினார். ‘மன்னிப்பு’ என்ற சொல் மட்டும் வந்துவிடக் கூடாது என்ற ஆத்திரத்தோடு எழுதத் தொடங்கினேன்.

“நிறுத்தும்மா.”

நிமிர்ந்தேன். அவர் விரல் என் தாளின் தலையில் இருந்தது. அங்கே சுழி! போட்டது எனக்கே தெரியாது. போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்த அதே கை. பதறிப்போய் அதைக் கோடு போட்டு அடிக்கப் போனேன்.

“அடிக்காத, விடு” என்றவர் மற்ற இருவரிடமும் திருப்பிக் காட்டினார். “பாருங்க சார். இங்க யாருக்கு சிக்னல் குடுக்குறா இவ?”

“மேல இருக்கறவருக்குத்தான் மேடம்” என்று ஒருவர் சிரித்தார்.

இனி தேர்வுத் தாளில் எதுவும் போடக் கூடாது என்று எச்சரித்து, அந்த வாரமே முடிவை வெளியிட்டார்கள். சீனாவிலும் எனக்காக இடம் காத்திருந்தது. பாக்கி இருந்த தேங்காயை அரசமரத்தடியில் உடைத்தேன். அப்பாவிடம் சொன்னபோது, “அவரு பேர இழுத்தா சும்மா விடுவாரா தாயி?” என்று மட்டும் சொன்னார். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அலைந்த அலைச்சலை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான். ஆனால் கேட்ட சாட்சி வந்தது, கேட்டபடியே வந்தது. இனி தேர்வு அறையில் மேசை மேல் வெறும் விரலால் சுழி போட்டுக்கொள்வேன். அதைத் தடுக்க எந்த விதியும் இல்லை. கட்டி வைத்த என் பெட்டியின் மேல் அப்பா மஞ்சளால் ஒன்று போட்டிருக்கிறார். துடைக்கவில்லை, அப்படியே போகட்டும்.

கஷ்டத்தில் இருப்பவர்களே, பணிந்துதான் கேட்க வேண்டும் என்றில்லை. கோபம் வந்தால் அவரிடமே போய்ச் சண்டை போடுங்கள். நாம் முறைத்துக்கொண்டு திரும்பினாலும், அவர் நம் கையைப் பிடித்துக்கொண்டே கூட வருகிறார்.