ஏழுமலை குடிக்காத மூன்று நாள்

ஏழுமலை போய்விட்டான் என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து சொன்னபோது, ஆறாம் திருநாள் புறப்பாட்டுக்கு வேட்டி கட்டிக்கொண்டிருந்தேன். கட்டியும் கட்டாமலும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சாமி தூக்கும் நம் கூட்டத்தில் பலர், "குடிச்சே செத்தான்" என்கிறீர்கள். அந்தப் பேச்சைக் கிளப்பியவன் நான். அதனால் நானே எழுத வேண்டியிருக்கிறது.

தாமல் கிராமத்துக்காரன். நெல் மண்டியில் மூட்டை தூக்கினான். பதினைந்து வருடம் வாகனம் சுமக்கும் தண்டில் எனக்கு அடுத்த தோள் அவனுடையது. குடிகாரன்தான், மறைக்கவில்லை. பிராந்தி உள்ளே போனால் ஒரு பிடி சோறு இறங்காது. ஆனால் கொடியேற்றத்திலிருந்து திருவிழா முடியும்வரை தொடமாட்டான். "வூட்டுக்கு நான் கெட்டவன்தான்பா. குடிச்சுக்கினு ஒருநாளும் தண்டுல தோள் வெச்சதில்ல" என்பான்.

மூன்றாம் நாள் காலை, கருட சேவை. ஏழுமலைக்குக் கால் பின்னியது. நாக்குக் குழறியது. "இன்னிக்கு எந்த வாகனம்பா?" என்று என்னையே கேட்டான். தெரு கொள்ளாத ஜனம். ஒருவன் இடறினால் வாகனமே சாயும். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஊதுடா" என்றேன். ஊதினான். பச்சைக் கர்ப்பூரமும் ஏலக்காயும் மணத்தன. கோயில் தீர்த்தத்தைக் குடித்து வாடையை மறைக்கிறான் என்று முடிவு கட்டினேன். நம்மில் சிலர் செய்கிற வேலைதானே அது! போதை தெளியட்டும் என்று மூன்று செம்பு தண்ணீரைக் குடிக்க வைத்தேன். மறுக்காமல் குடித்தான்.

"நான் குடிக்கலபா. தல சுத்துது, அவ்ளோதான்."

"சாமிகிட்டயே பொய்யா?" என்று வரிசையை விட்டுத் தள்ளினேன்.

வாகனம் தெருமுனை திரும்புவதற்குள் அவனுக்கு வலிப்பு வந்தது. அவன் மனைவி செல்வி அலறுவது கேட்டது. தண்டை விட்டு நான் நகர முடியாது. கால் முன்னால் போய்க்கொண்டே இருந்தது.

சாமியை இறக்கிவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் சொன்னார்: "ரத்தத்துல உப்பு ரொம்ப கொறஞ்சிருக்கு. வருஷக்கணக்கா குடி, ஒழுங்கா சாப்பாடு இல்ல. மூணு நாளா குடிக்கல, ஆனா வெறும் தண்ணியிலயே ஓட்டியிருக்காரு. தண்ணி ஏற ஏற உப்பு இன்னும் கொறையும். அதுக்கு மேல தண்ணி குடுத்தது யாரு?"

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

உப்பை ஒரேயடியாக ஏற்றினால் மூளைக்கு ஆபத்து என்று சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். இரண்டு நாள் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருமுறை கண் திறந்து, "சாமி நல்லபடியா போச்சாபா?" என்றான். போயிற்று என்றேன். மறுபடி வந்த வலிப்பு அவனைக் கொண்டுபோய்விட்டது.

கருமாதியன்று செல்வி என்னைத் தனியே கூப்பிட்டாள். "அவரு குடிச்ச நாளப் பத்தி யாரு வேணா பேசிக்கட்டும்ணா. குடிக்காத மூணு நாளு இருக்குது. அதயாவது எம் பொண்ணுக்கு உட்டுடுங்க."

ஏழுமலையின் நினைவாக நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த மூன்று நாளைத்தான். நேற்று அவன் பெண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டேன்: "ஒங்கப்பா குடிக்கலமா. தண்ணி குடுத்தது நான்தான்."