காஹாங்கில் மூன்று கூடாரங்கள்

சிங்கப்பூர் வேலைக்கு ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வந்த அன்று, எல்லைப் பாலத்தைக் கடக்கும் பேருந்தில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார். அவருக்கு என்ன தெரியும்? நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பாதி முதலாளி. மீதிப் பாதி என் அண்ணி. பத்து பாகாட் என்னும் ஊரின் துணி ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தவர், எனக்கு முன்பே வேலையை விட்டுவிட்டு, குளுவாங் வீட்டுக் கூடத்தில் இருவருக்கும் மேசை போட்டு வைத்திருந்தார். நாங்கள் செய்யவிருந்த செயலியில் ஒரு வரிகூட நான் இன்னும் எழுதவில்லை. அதற்குள் நிறுவனத்துக்கென்று மஞ்சள் சட்டை தைத்துவிட்டார்.

அண்ணன் கல்யாணத்தில் பிறந்த யோசனை அது. வாசலில் போடும் கூடாரத்துக்காக அப்போது ஊரெல்லாம் அலைந்தோம். எங்கள் செயலியில் பொத்தானை அழுத்தினால் போதும். கூடாரம் கைவசம் உள்ளவருக்குச் செய்தி போகும், லோரி வாசலுக்கு வரும். நான் எழுத எழுத, அண்ணி கூடாரக்காரர்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்தார். வீட்டில் சோதித்தபோதெல்லாம் அது வழுக்கிக்கொண்டு ஓடியது.

முதல் நாளே மூன்று ஆர்டர்கள் வந்தன. மூன்றும் காஹாங் ஊரிலிருந்து, மூன்றும் ஒரே தாமான் குடியிருப்பிலிருந்து.

“அங்க நம்ம பேரு பரவிடுச்சு!” என்று அண்ணி என்னைப் பிடித்துக் குலுக்கியதில் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. வீட்டு எண்ணைப் பார்க்க இருவருக்கும் தோன்றவே இல்லை.

விசேஷத்தன்று மஞ்சள் சட்டையோடு, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே பாட்டுப் போட்டுக்கொண்டு காரில் போனோம். போய்ப் பார்த்தால், ஒரே வீட்டு வாசலில் மூன்று லோரிகள். மூன்று கூடாரக்காரர்களும் கையைக் கட்டிக்கொண்டு ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

“பொண்ணோட நிச்சயதார்த்தத்துக்கு வாசல்ல போட நான் ஒரு கேனப்பிதான்மா கேட்டேன்!” என்றார் வீட்டுக்கார அம்மா.

“மூணு ஆர்டர் வந்திருக்கே ஆண்ட்டி” என்றேன்.

“அமுக்கினேன், ஒண்ணும் ஆவல. திரும்ப அமுக்கினேன், அப்பவும் சும்மாவே இருந்துச்சு. போன்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சி இன்னொரு தடவ அமுக்கினேன்லா.”

எனக்குச் சுரீர் என்றது. ‘உங்கள் ஆர்டர் கிடைத்தது’ என்று பதில் சொல்ல அந்தச் செயலிக்கு நான் கற்றுக்கொடுக்கவே இல்லை. சோதிக்கும்போது என் முன்னால் இரண்டு திரைகள் இருந்தன. ஒன்றில் அழுத்தினால் மற்றதில் ஆர்டர் வந்து விழும். அந்த அம்மாவின் கையில் இருந்ததோ ஒற்றைத் திரை.

“அலாமாக்!” என்றார் அண்ணி. “வந்தது வந்துட்டாங்க, மூணையும் போட்டுருவோம் ஆண்ட்டி. மத்த ரெண்டுக்கும் காசு எங்க பொறுப்பு.”

தெரு முழுக்கக் கூரை ஏறியது. நிழலைக் கண்டதும் அக்கம்பக்கத்தார் நாற்காலியோடு வந்தார்கள். பின்தெருக்காரர் ஒருவர், “எந்தக் கட்சி கூட்டம்? யாரு பேச வர்றாங்க?” என்று கேட்டார். கையில் கேசரித் தட்டைக் கொடுத்ததும் கடைசிவரை இருந்துவிட்டார். யாரோ பாட்டை உரக்க வைக்க, மாப்பிள்ளை வீட்டாரோடு அண்ணியும் ஆடினார், நானும் ஆடினேன்.

முறைத்துக்கொண்டிருந்த மூவரும் தேநீர் வேளைக்குள் கூட்டாளிகளாகிவிட்டார்கள். கைப்பேசியில் ஒரு குழு தொடங்கி அதில் அண்ணியையும் சேர்த்தார்கள். என்னைச் சேர்க்கவில்லை.

அதோடு எங்கள் செயலியின் கதை முடிந்தது. கூடாரம் வேண்டியவர்கள் அண்ணியை அழைத்தார்கள், அண்ணி குழுவில் ஒரு வரி போடுவார், வேலை நடந்துவிடும். பொத்தானை அழுத்த ஆளில்லை. சில மாதங்கள் பார்த்துவிட்டு மூடினோம்.

“மூடிட்டோம்னு குழுவுல சொல்லிறவா?” என்றார் அண்ணி.

“வேணாம் அண்ணி. நாம தொறந்ததே அவங்களுக்கு ஞாபகம் இருக்காது.”

சிரிக்க ஆரம்பித்தவர்கள்தான், கண்ணில் நீர் வழியும்வரை நிறுத்தவில்லை. அழுகிறோம் என்று பயந்து அண்ணன் தண்ணீர் கொண்டுவந்தார்.

பிறகு நான் கணினியை மூடிவைத்துவிட்டு அந்த லோரிகளில் ஏறிச் சுற்றினேன். லாயாங் லாயாங் ஊருக்குப் போகும் வழியெல்லாம் ஓட்டுகிறவரின் கைப்பேசி ஓயவே இல்லை. பேசியவர்கள் எல்லாம் மற்றக் கூடாரக்காரர்கள். “சனிக்கிழம உங்கிட்ட எத்தன சும்மா கெடக்கு?” வாடிக்கையாளரை நாங்கள் தேடிக்கொடுக்கத் தேவையே இருந்ததில்லை. என்றைக்கு யாரிடம் கூடாரம் மீதி இருக்கிறது என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. அதற்கு மட்டும் ஒரு சின்ன நாள்காட்டி எழுதினேன். ஒவ்வொருவர் வீட்டிலும் உட்கார்ந்து, அவர்கள் தடுமாறிய இடத்தையெல்லாம் மாற்றினேன்.

ஒருநாள் காலை என் கைப்பேசி அலறியது. கூடாரக்காரர்களில் ஒருவர்.

“என்னம்மா இது, காலையிலேருந்து உங்க நாள்காட்டி தொறக்க மாட்டேங்குது! யாருகிட்ட கேனப்பி இருக்குன்னு நான் எப்படிப் பாக்குறது? கல்யாண வீட்டுக்கு என்ன பதில் சொல்றது?”

ஒலிபெருக்கியில் போட்டேன். அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்த அண்ணி திட்டு முழுவதையும் கண்கள் விரியக் கேட்டார். நாங்கள் எழுதிய ஒன்று இல்லாமல் ஒரு மனிதருக்கு வேலை ஓடவில்லை! இருவரும் கையைக் கோத்துக்கொண்டு கூடத்தில் சத்தமில்லாமல் குதித்தோம்.

“ஹலோ? இருக்கீங்களா?”

“இருக்கேன்ணே! இப்பவே சரி பண்ணிடுறேன்ணே!”

“அதுக்கு ஏம்மா இப்படிச் சிரிக்கிறீங்க?” என்றார் அவர்.