மஞ்சள் டேப் சுற்றிய வயர்

எழுபதுகளில், சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில் நாங்கள் அறிந்த தமிழ்க் குடும்பங்கள் இரண்டே இரண்டுதான். ஒன்று நாங்கள், மற்றது அடுத்த தெருச் சிவலிங்கத்தார். இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரியான, ஏறியிருந்து ஓட்டும் புல்வெட்டும் மெஷின். அவருடையது மாதக்கணக்காகப் பழுதாகிக் கிடந்ததால் என்னுடையதை இரவல் கேட்டார். கொடுத்தேன். திருப்பிக் கொண்டுவந்தபோது ஓட்டிப் பார்க்கவில்லை. நம்மட ஆளின் முன்னால் சோதித்துப் பார்ப்பது மரியாதையா?

சனிக்கிழமை மெஷின் கிளம்பவேயில்லை. பெட்ரோலை மாற்றினேன், பிளக்கைத் துடைத்தேன். பொறியே வரவில்லை. மூடியைக் கழற்றினால், பொறி கொடுக்கும் கம்பிச்சுருளான 'காயில்' கறள் பிடித்துத் துருவேறிக் கிடந்தது. என் காயிலின் வயர் பிய்ந்திருந்ததால் நானே மஞ்சள் டேப் சுற்றியிருந்தேன். இதில் டேப் இல்லை.

கொதித்துக்கொண்டு போனேன். சிவலிங்கத்தார் ஜோராகப் புல் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எஞ்சினை நிறுத்தினார். அதன் மூடி இடுக்கு வழியே என் மஞ்சள் டேப் சுற்றிய வயர் தெரிந்தது.

"வாங்கோ! உங்கட மெஷின் ஓடுதோ?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

கள்ளன் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அப்போது குசினியிலிருந்து அவர் மனைவி, "அண்ணை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். அந்த ஊரில் என்னை அண்ணை என்று கூப்பிட வேறொருவரும் இல்லை.

"ஓம், நல்லா ஓடுது" என்றேன். கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணியையும் குடித்தேன்.

பிறகும் அவர் கேட்டதையெல்லாம் கொடுத்தேன். ஏணியோ மண்வெட்டியோ, கொடுக்குமுன் ஒரு மூலையில் மஞ்சள் டேப் சுற்றிவிடுவேன். அவர் அதைப் பார்ப்பார். ஒன்றும் கேட்கமாட்டார்.