மாம்பழ மஞ்சளில் ஒரு லைன் வீடு

போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை. ஸ்டூல் மேல் ஏறி நின்று வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் ஒயர், ஒரு கையில் ஸ்டார், பல்லில் சணல் கயிறு. பின்னாலிருந்து கன்னடத்தில் ஒரு குரல், கொஞ்சம் உதவி கேட்டு.

"ஆன்ட்டி... ஸ்வல்ப ஹெல்ப் மாடி."

திரும்பினேன். முப்பது வயசு மதிக்கத்தக்க இரண்டு பேர். கையில் கேமரா, சட்டைக் காலரில் மைக். பெங்களூரிலிருந்து வந்திருக்கிறார்கள். யூட்யூபுக்கு வீடியோ எடுக்கிறார்களாம். எங்கள் வாசலில் நின்று எடுத்தால் பழைய தங்கச் சுரங்கத்து ஷாஃப்ட் கோபுரமும், அதற்குப் பின்னால் தங்கம் பிரித்தெடுத்த கழிவான சயனைடு மண்மேடும் ஒரே ஃபிரேமில் வருமாம்.

நான் தமிழ் என்று தெரிந்ததும் ஒருத்தர் தமிழுக்கு மாறினார்.

"அந்த ஸ்டாரை மட்டும் ஒரு பத்து நிமிஷம் கழட்ட முடியுமா ஆன்ட்டி?"

"இன்னாத்துக்கு?"

"இல்ல... யாருமே இல்லாத ஊர் மாதிரி வரணும். கோஸ்ட் டவுன்."

"நான் இருக்கேனே?"

"அதான் ஆன்ட்டி ப்ராப்ளம்."

கிண்டலுக்குச் சொல்லவில்லை அந்த ஆள். நிஜமான கவலையோடு சொன்னார்!

எதிர் வீட்டு மல்லிகா அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"ஏம்பா, எங்கள இன்னா பண்ணச் சொல்ற? ஷாஃப்டுக்குள்ள எறங்கி ஒளிஞ்சிக்கவா?"

ஸ்டாரைக் கட்டி முடித்தேன். இறங்கினேன். உள்ளே போய் ஸ்விட்சைத் தட்டினேன். பட்டப்பகல் பதினோரு மணிக்கு ஸ்டார் எரிந்தது, ஜன்னலைச் சுற்றின சீரியல் லைட் எரிந்தது. போதாக்குறைக்கு ஸ்பீக்கரில் கேரல் பாட்டு — சவுண்டு ஃபுல்.

இரண்டு பேரும் கேமராவை மடித்துக்கொண்டு அடுத்த லைனுக்குப் போனார்கள். அங்கேயும் யாராவது இருந்து தொலைத்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

சாதாரணமாக நான் அவ்வளவு முரட்டு ஆள் கிடையாது. வாசலுக்கு வந்தவர்களுக்கு ஒரு வாய் தண்ணீராவது கொடுக்காமல் அனுப்ப மாட்டேன். அன்றைக்கு ஏன் அப்படி?

அதற்கு ஆறு நாள் முன்னால் வந்த ஒரு போன்தான் காரணம்.

என் மகள் ஷெரின் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஹாஸ்டல் வாசம். கூட வேலை பார்க்கும் டேனியலைக் கல்யாணம் செய்துகொள்ள முடிவு செய்திருக்கிறாள். நல்ல பையன். எங்களுக்குச் சம்மதம். அவனுடைய அப்பா அம்மா வந்து எங்களைப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

"மம்மி, கிறிஸ்துமஸுக்கு முன்னாடி அவங்க உங்களப் பாக்கணும்றாங்க."

"தாராளமா வரச் சொல்லு."



"இல்ல மம்மி... இங்கயே ஒரு ஹோட்டல்ல வச்சிக்கலாமா? நீயும் டாடியும் வந்துருங்க."

"ஏன், நமக்கு வீடு இல்லியா?"

"வீடு இருக்குது மம்மி. ஆனா... அந்த வீட்டுலயா?"

அந்த வீடு!

மைசூர் மைன்ஸ் என்கிற தங்கச் சுரங்கத்துத் தொழிலாளர்களுக்காகக் கட்டின லைன் வீடு. தீப்பெட்டி அடுக்கின மாதிரி வரிசையாக இருக்கும். முன்னால் ஒரு ரூம், பின்னால் ஒரு ரூம், ஒட்டினாற்போல் சமையல்கட்டு, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பாத்ரூமும் டாய்லெட்டும் வெளியே, பின்பக்கக் காலி இடத்தைத் தாண்டி. என் மாமனார் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்த காலத்தில் கிடைத்தது. பிறகு மைன்ஸை மூடிவிட்டார்கள். வீட்டை மூட நாங்கள் சம்மதிக்கவில்லை. அவ்வளவுதான் கதை.

"இன்னொண்ணு மம்மி... அவங்ககிட்ட நான் கோலார்னுதான் சொல்லிருக்கேன்."

கோலாரா? எங்கள் ஊர் கே.ஜி.எஃப். தங்கவயல்; கோலார் வேறு ஊர். அங்கே நாங்கள் போவது கோர்ட்டு கச்சேரிக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும். பிறந்த ஊரின் பெயரை வாய் விட்டுச் சொல்ல என் பெண் கூச்சப்படுகிறாள். எந்த இடத்தில் எதைக் குறைவாகக் கொடுத்தோம்? அழுகை வந்தது. ஆனால் அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்துவிட்டது.

"இந்த மாசம் மூணாவது சனிக்கிழமை. நம்ம ஊட்டுல. இட்டுகினு வா."

போனை வைத்துவிட்டேன்.

மறுநாளே பெயின்ட் கடை. கடைக்காரர் கிரீம் கலரை எடுத்து நீட்டினார். "இது போடுங்கம்மா, டீசன்ட்டா இருக்கும்." டீசன்ட்டாக இருந்து என்ன கண்டோம்? "தெரு முனைலருந்து பாத்தா தெரியணும். அந்த மாதிரி ஒண்ணு குடுங்க" என்றேன். மாம்பழ மஞ்சள் கிடைத்தது. எங்கள் வீட்டுக்காரர் மூன்று நாள் ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டு, முன்சுவரை முழுசாக அடித்து முடித்தார்.

மல்லிகா அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "இன்னாடி இது, லாரிங்க வந்து மோதாம இருக்க அடிச்ச கலராட்டம் கீது?"

மறுநாள் மிச்ச பெயின்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்த் தன் வீட்டு ஜன்னலுக்கு இரண்டு கோட் அடித்துக்கொண்டார்.

அவர் வீட்டில் புத்தர் படம்தான். ஆனால் டிசம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல் உருட்ட முதல் ஆளாக எங்கள் சமையல்கட்டில் வந்து உட்கார்ந்துவிடுவார். ஃபோர்க்கின் முதுகில் மாவை அழுத்தி அவர் சுருட்டி எறிகிற வேகத்துக்கு எண்ணெய்ச் சட்டி ஈடு கொடுக்காது. இந்த வருஷம் கை வேலை செய்ய, வாய் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது. "அவங்க ஒத்துக்கலன்னா இன்னா பண்ணுவ?"

"கல்கல் மிச்சமாகும்க்கா. நாம துன்னுக்கலாம்."

வாய்தான் அப்படிச் சொன்னது. பிடிவாதம் பிடிப்பவள் நான். தோற்றால் வாழ்க்கை போவது என் பெண்ணுக்கு. இந்தக் கணக்கு எனக்குத் தெரியாதா என்ன?

நடுவில் ஷெரின் மறுபடி போன் செய்தாள். பெங்களூரில் ஒரு பெரிய கடையில் கேக் ஆர்டர் கொடுத்துவிடவா என்றாள். அக்டோபரிலிருந்து திராட்சை ஜூஸில் பழங்கள் ஊறிக்கொண்டிருக்கின்றன. அதைக் கொட்டிவிட்டுக் கடை கேக்கா? சர்க்கரையைக் கருக்கினேன், மாவைக் கலக்கினேன், மூன்று ட்ரேயில் ஊற்றி, பெயர் எழுதின சீட்டைக் குத்திப் பேக்கரிக்கு எடுத்துப் போனேன். டிசம்பர் மாதம் எங்கள் பேக்கரி அடுப்பு ஊருக்கே பொது. எனக்கு முன்னால் பதினைந்து ட்ரே வரிசையில் காத்துக்கொண்டிருந்தன.

வெந்து வந்ததில் பெரிய கேக் நடுவில் வெடித்திருந்தது. குறுக்கே நீளமாக ஒரு பிளவு. "மேல ஐசிங் பூசிட்டா தெரியாதும்மா" என்றார் பேக்கரிக்காரர். வேண்டாம் என்று அப்படியே எடுத்து வந்தேன். எதை எதைத்தான் பூசி மறைப்பது?

மறைக்கவே முடியாத ஒன்று பாக்கி இருந்தது. டாய்லெட்.

கல்யாணப் பேச்சுக்கு வருகிறவர்கள் இரண்டு மணி நேரமாவது இருப்பார்கள். யாராவது ஒருத்தர் கேட்கத்தான் கேட்பார்கள். ஷெரின் பயந்ததெல்லாம் இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் என்று எனக்குத் தெரியும். ஸ்கூல் படிக்கும்போதே சிநேகிதிகளை வீட்டுக்குக் கூப்பிட மாட்டாள்.

ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிறகு பின்பக்கம் போனேன். காலி பெயின்ட் டப்பாக்களில் குரோட்டன்ஸ் வைத்து வழி நெடுக அடுக்கினேன். சுவருக்கு வெள்ளையடித்தேன். கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள், ஆணியில் புது டவல். சமையல்கட்டு வாசலில் ஆரம்பித்து டாய்லெட் கதவு வரைக்கும் தலைக்கு மேலே சீரியல் லைட் இழுத்துக் கட்டினேன்.

"டாய்லெட்டுக்கா சீரியல் லைட்டு?" — எங்கள் வீட்டுக்காரர்.

"ஆமா."

வீட்டு அலங்காரம் பற்றிப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். குஷன் கவர், குட்டி மெழுகுவத்தி, சுவரின் நிறத்துக்கு ஏற்ற திரைச்சீலை... எனக்குத் தெரிந்த விதி ஒன்றுதான். எதைக் காட்டி உன்னைத் தலை குனிய வைப்பார்களோ, அதற்கு முதலில் ஒரு லைட்டைப் போடு.

சனிக்கிழமை வந்தது. காரும் வந்தது. லைன் முழுக்க வாசலுக்கு வந்து நின்று வேடிக்கை பார்த்தது. டேனியல், அவன் அப்பா, அவன் அம்மா, கூடவே ஷெரின். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. மஞ்சள் சுவரைப் பார்த்து ஒரு நொடி நின்றாள்.

முன் ரூமில் எல்லோரும் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். இடித்தது. கேக் வைத்தேன். டேனியலின் அம்மா அந்தப் பிளவைப் பார்த்தார்.

"வீட்ல செஞ்சதா?"

"வீட்ல கலக்கினது. பேக்கரி அடுப்புல வெந்தது" என்றேன்.

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்த அம்மா ஷெரின் காதருகில் குனிந்து ஏதோ கேட்டார். ஷெரின் என்னைப் பார்த்தாள். என்ன கேட்டார் என்பதைச் சொல்லவா வேண்டும்?

"வாங்க" என்று எழுந்து நான்தான் கூட்டிப் போனேன். சமையல்கட்டைத் தாண்டி, குரோட்டன்ஸ் வரிசையைத் தாண்டி, லைட்டுக்கு அடியில். திரும்பி வந்து உட்கார்ந்ததும் அவர் தன் கணவரிடம் சொன்னார்: "ஏங்க, வழியெல்லாம் லைட்டு போட்டிருக்காங்க, திருவிழா மாதிரி."

பாராட்டா, குத்தலா? இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது.

டேனியலின் அப்பா நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"வீடு உங்க பேர்லதானா?"

எங்கள் லைனில் இந்தக் கேள்விக்கு யாரிடமும் நேரான பதில் கிடையாது. எங்கள் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஷெரின் பேசிவிட்டாள்.

"இல்ல அங்கிள். பட்டா கிடையாது. தாத்தா அண்டர்கிரவுண்ட்ல வேலை செஞ்சதுக்குக் குடுத்த வீடு. பேப்பர் வரும் வரும்னு நான் பொறந்ததுலருந்து சொல்றாங்க. இன்னும் வரல."

அவள் அதோடு நிறுத்தவில்லை.

"நான் உங்ககிட்ட கோலார்னு சொன்னேன். பொய் அங்கிள். இதான் எங்க ஊர். கே.ஜி.எஃப்., மைசூர் மைன்ஸ். நீங்க உக்காந்திருக்கற எடத்துலதான் பாய் போட்டு இன்ஜினியரிங் படிச்சேன். ஹோட்டல்ல மீட் பண்ணலாம்னு சொன்னதும் நான்தான். மம்மி ஒத்துக்கல."

அவள் தலை குனியவில்லை. என் பெண்ணை நான் அன்றைக்குத்தான் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தேன்.

டேனியல் சத்தமில்லாமல் கை நீட்டி இன்னொரு துண்டு கேக் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அதுவரைக்கும் எனக்கு அவன் நல்ல பையன். அந்த நிமிஷத்திலிருந்து மாப்பிள்ளை.

"சரிம்மா" என்றார் அவன் அப்பா. "கல்யாணத்தையாவது பெங்களூர்ல வச்சிக்கலாம். எல்லாருக்கும் சௌகரியம்."

"எங்க சர்ச்சுலதான் அங்கிள்" என்றாள் ஷெரின். "நான் ஞானஸ்நானம் வாங்கின சர்ச்சு."

"வீட்டுக்குப் போய் யோசிச்சுச் சொல்றோம்."

கார் போனது. ஷெரின் பட்டுப் புடவையோடு சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மம்மி... கெடுத்துட்டேனா?"

"கெட்டா கெடட்டும். அந்தக் கல்கல் டப்பாவ இப்படித் தள்ளு."

தாயும் மகளுமாக அரை டப்பா காலி செய்தோம். பாதியில் மல்லிகா அக்காவும் வந்து சேர்ந்துகொண்டார். அழுதோமா, சிரித்தோமா என்று கேட்டால்... இரண்டும்தான்.

நாலு நாள் போன் வரவில்லை. தண்ணீர் பிடிக்கப் போனால் கேட்கிறார்கள், சர்ச்சுக்குப் போனால் கேட்கிறார்கள். நான் மட்டும் ராத்திரி ஆனால் தவறாமல் எல்லா லைட்டையும் போட்டுக்கொண்டிருந்தேன். பின்பக்கத்து லைட்டையும்தான்.

நேற்று சாயங்காலம் போன் வந்தது. டேனியலின் அப்பா. அவர்களுக்குச் சம்மதமாம். ஏப்ரலில் வைத்துக்கொள்ளலாமாம். எங்கள் சர்ச்சிலேயே ஆகட்டுமாம். "எங்க வீட்டம்மா உங்க பொண்ணு பேசினதையே சொல்லிக்கிட்டிருக்காங்க" என்றார். ஒரே ஒரு கவலைதான் அவருக்கு. பெங்களூரிலிருந்து தங்கள் சொந்தக்காரர்கள் இருநூறு பேர் அவ்வளவு தூரம் எப்படி வருவார்கள்?

பக்கத்தில் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரர் கை நீட்டிப் போனை வாங்கினார்.

"சார், எங்க ஊர்க்காரங்க பெங்களூருக்கு வேலைக்கு டெய்லி அவ்ளோ தூரமும் ட்ரெயின்ல நின்னுகினே வராங்க. நீங்க ஒரு நாளைக்கு உக்காந்துகினு வாங்க."