ஒரு சாண் ஆழத்து நீலம்

எருமப்பட்டிப் பக்கம் தோட்டம் தோட்டமாகப் போய், மண்ணில் கம்பியைச் செருகி ஈரம் அளப்பது என் பிழைப்பு. அளந்ததைப் படமாக்கித் தருவேன். காய்ந்த இடம் சிவப்பு, ஈரமான இடம் நீலம்.

ஒரு மரவள்ளித் தோட்டக்காரருக்குக் கொடுத்த படம் முழுக்கச் சிவப்பு. கிழக்கு மூலையில் மட்டும் கொஞ்சம் நீலம். எலி கடித்த சொட்டுநீர்க் குழாய் அங்கே ஒழுகிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் போனபோது அதே மூலையில் போர் போடும் ரிக் வண்டியின் சக்கரத் தடம். பக்கத்தில் வெள்ளை வெளேரென்று பாறைத்தூள் குவிந்து கிடந்தது. ஆயிரம் அடி இறங்கியும் தண்ணீர் இல்லை, புகைதான் வந்ததாம்.

"நீலமாப் போட்டிருந்தீங்களேங்க, அதைய நம்பித்தான் போர் ஓட்டுனேன். தேங்காய வெச்சு நீரோட்டம் பாக்கறவரு பொய் சொல்லுவாரு, மிசினு சொல்லாதுன்னு நெனச்சனுங்க" என்றார்.

என் கம்பி அளப்பது ஒரு சாண் ஆழத்தை மட்டும்தான். அதைப் படத்தின் அடியில் போட்டுத்தான் இருந்தேன், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். யோக்கியன் நான்!

அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. அந்தத் தூள் குவியலைக் காட்டி, "இதுல ஒருக்கா குத்திப் பாருங்க சாமி, என்ன கலரு வருதுன்னு" என்றார்.

குத்தினேன். அந்தத் தோட்டத்தில் கம்பி அவ்வளவு சுலபமாக இறங்கியது அன்றைக்குத்தான்.